நம்பர் போட்ட ஓணான்கள்

தெருவிளக்குக் கம்பங்களுக்கு எண் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்று அலுவலகத்துக்குப் போன் போட்டு, "எந்தக் கம்பம்?" என்று கேட்டால், "அதாங்க, மருந்துக்கடைக்கு எதிர்ல, கீழ ஒரு நாய் படுத்திருக்கும் பாருங்க, அந்தக் கம்பம்" என்று சொல்பவர்களும் இவர்களேதான். நாய் எழுந்து வேறு இடம் போய்விட்டால் தெரு இருட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடக்காமல் இருபத்தேழு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒரு ஆள். தெருவிளக்கு டிப்போவில் அவருக்கு நம்பர் என்றுதான் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் எழுதும் எட்டைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் எழுதினால் எட்டு குடத்தின் மேல் செம்பு வைத்த மாதிரி ஆடும். இவருடைய எட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். எண்ணைத் தகட்டில் வெட்டி அதன் மேல் பெயிண்டை அடித்துவிட்டால் பத்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடியும் என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை யோசனை சொன்னார்கள். "அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை, தகடும் வரவில்லை.

இருபத்துமூன்று வயது வரை ஒரு கடையில் வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கை ஒரு அதிகாரியின் கண்ணில் பட்டு இந்த வேலைக்கு வந்தார். வந்த நாள் முதல் ஒரு பதிவேடு. கம்பத்துக்கு ஒரு வரி. எண், தெரு, தேதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் 'அடியில் துரு', 'இடப்பக்கம் சாய்வு', 'மூடி உடைந்துள்ளது' என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார். அந்தக் கட்டத்தை அலுவலகத்தில் யாரும் படித்ததில்லை. எழுதியவரும் திரும்பப் படித்ததில்லை. ஆனாலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எண் தப்பாகப் போனதாக ஒரு புகார்கூட அவர் மேல் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சொன்னால் பொய்யில்லை.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. சமையலறை டப்பாக்கள் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை. நாற்காலிகள் நான்கு. குடைகள் இரண்டு. தலையணைகளுக்குப் பக்கத்தில் பிரஷ்ஷோடு போய் நின்ற நாளன்று மனைவி கத்தரிக்கோலைக் காட்டினாள். அவள் துணி திருத்தித் தைப்பவள். இடுப்பு பிடிப்பது, நீளம் குறைப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. முன்னறையில் தையல் மிஷின், அதைச் சுற்றி ஊர்க்காரர்களின் உடுப்பு மலை. யாருடையது எது என்று ஒரு சீட்டுகூட வைத்துக்கொள்ள மாட்டாள். எப்படித் தெரிகிறது என்று அவர் கல்யாணமான புதிதில் கேட்டார். "போட்டவங்களைப் பார்த்திருக்கேன்ல" என்றாள். அதெல்லாம் ஒரு முறையா என்று அவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

ஓணான் கதைக்கு வருவோம்.

டிப்போவின் பின்பக்கம் ஒரு பழைய கருங்கல் சுவர். பூச்சு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் சந்துகள். ஐம்பதடி நீளத்தில் ஐந்து தூண்கள். மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே போவார்கள். நம்பர் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரே ஒரு காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார். காலையிலிருந்து எண்களையும் கம்பங்களையும் பார்த்த கண்ணுக்கு அசையாத சுவர் இதமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. பார்க்கப் பார்க்கச் சுவர் அசைந்தது.

மூன்றாவது தூணின் உச்சியில் ஒரு ஓணான். வெயில் ஏற ஏற அதன் தலையும் தொண்டையும் சிவந்துகொண்டே வரும். திடீரென்று முன்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கும். ஆறு தண்டால், ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு. அடுத்த தூணில் இன்னொன்று தலை காட்டினால் தண்டால் இரண்டு மடங்காகும். சண்டைக்குப் போகாமலே சண்டையை முடித்துக்கொள்ளும் இந்த வழி நம்பருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுகிற ஜென்மங்கள் ஊரில் நிறைய உண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்திருந்தால் கல் கையிலிருந்து தானாக விழுந்திருக்கும்.

ஒரு வாரத்தில் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. "நம்ம ஆளு இன்னிக்கு ஒரு வெட்டுக்கிளியை அப்படியே முழுங்கினான்" என்பார். "நம்ம ஆளு இன்னிக்குச் சிவக்கவே இல்லை, மேகமா இருந்துச்சு" என்பார். மனைவி மிஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை நூலைப் பல்லால் கடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தினமும் வர்றது அதே ஓணான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நம்பருக்கு அது தெரியாது. கம்பமாக இருந்தால் தெரியும்.

இதற்கு மேல் அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நீளக் குச்சியின் நுனியில் நைலான் நூலால் சுருக்கு. ஓணானுக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. மனிதனைக் கண்டால் மிரளும், குச்சியைக் கண்டுகொள்ளாது. கண் இரண்டும் நம்பர் மேல் இருக்க, சுருக்கு மெல்ல வந்து கழுத்தில் விழும். கையில் எடுத்த மறுகணம் தொண்டைச் சிவப்பு வடிந்து உடம்பு சாம்பலாகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது செத்துவிட்டதோ என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பழகிக்கொண்டார். இடது கைக்குள் உடம்பை அடக்கி, பின்னங்காலுக்கு மேல் இடுப்பில், நாலைந்து மயிர் மட்டும் விட்டு வெட்டிய பிரஷ்ஷால் அரிசி அளவில் ஒரு எண். வெள்ளைப் பெயிண்ட், கொஞ்சம் நீர்க்க. இருபது எண்ணும் வரை காய வைப்பார். இறக்கி விட்டால் அது ஓடி ஒரு சந்தில் நுழைந்து, அரை மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி தூணுக்கு ஏறிவிடும்.

மூன்றாவது தூண்காரனுக்கு எண் ஒன்று. இதற்கென்று ஒரு தனி நோட்டில் பதிவேடு போட்டார். எண், பிடித்த இடம், தேதி, குறிப்பு. பழக்கதோஷம், குறிப்பையும் விடவில்லை.

அதன்பின் வந்த மாதங்கள் அவர் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்குப் புதிதாக எதையாவது தெரிந்துகொள்ளும் ஆசை பிடித்துவிட்டால் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும். அது அவருக்கு வந்திருந்தது. வீட்டுப் பல்லி பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், ஓணான் உயிர் போனாலும் வாலைக் கழற்றாது என்று கண்டுபிடித்தார். எறும்பு வரிசை போனால் ஓணான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நக்கி எடுக்கும் என்று கண்டுபிடித்தார். ஒரு மதியம் பதினான்காம் எண் பெண் ஓணான் சுவரடி மண்ணில் குழி தோண்டியது. முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் இடித்து இடித்து மட்டம் செய்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல். கடைசியில் குழி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. அது திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. சாப்பாட்டு டப்பா திறந்தபடி ஆறிப்போயிருந்தது. இதை அலுவலகத்தில் சொன்னபோது, ஏணி தூக்கும் ஏணிக்காரர், "அண்ணே, அதுக்கு ஏதாச்சும் மகப்பேறு விடுப்பு குடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நம்பரும்தான்.

ஏழு வாரம் கழித்து அந்த மண் வெடித்து, தீக்குச்சி நீளத்தில் பதினோரு குஞ்சுகள் வந்து பக்கத்துப் புல்லுக்குள் சிதறின. அவற்றின் மேல் எழுத அவருடைய பிரஷ்ஷாலும் முடியாது.

ஆனால் பதிவேட்டில் ஒரு விஷயம் அவரைக் குடையத் தொடங்கியிருந்தது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. எண் இல்லாத ஓணான்கள் வந்துகொண்டே இருந்தன. எண் போட்டவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றாம் எண் இரண்டு மாதம்தான் இருந்தது. ஒருநாள் மூன்றாவது தூணின் உச்சியில் எண் இல்லாத ஒரு ஓணான் உட்கார்ந்து அதே தண்டாலை எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து எட்டு என்று எழுதினார். சில மாதத்தில் எட்டும் போய் இன்னொன்று.

பதினோரு மாதத்தில் எண் முப்பத்தேழைத் தொட்டது. அன்று அவர் நோட்டை மூடினார். விஷயம் விளங்கிவிட்டது. இது வீடில்லை, சத்திரம். எவனும் இங்கே குடியிருக்கவில்லை. வருகிறான், ரெண்டு மாதம் வெயில் காய்கிறான், போகிறான், காலியான இடத்தில் அடுத்தவன் ஏறிக்கொள்கிறான். நம்ம ஆளு என்று ஒரு ஆளே கிடையாது.

சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அவருக்கு வருத்தமாக இருந்தது. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், தான் வேறு யார் யாரையோ பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம் என்ற வருத்தம். வீட்டில் ஓணான் பேச்சு நின்றது.

இந்த நேரம் பார்த்துத்தான் டிப்போவுக்குக் கூடை வண்டி வந்தது. ஆளைக் கூடையில் ஏற்றிக் கம்பத்தின் உச்சிக்குத் தூக்கும் பெரிய வண்டி. அதை வெயிலிலும் மழையிலும் நிறுத்த முடியாது, கொட்டகை வேண்டும். இடம் இரண்டு. ஒன்று, கருங்கல் சுவர் இருக்கும் பக்கம். சுவரை இயந்திரம் வைத்துத் தள்ளினால் அரை நாளில் இடம் கிடைக்கும். இன்னொன்று, எதிர்ப்பக்கம் பழைய இரும்புக் கம்பங்கள் குவிந்திருக்கும் சிமெண்ட் தரை. இருநூறு கம்பங்கள். அவற்றைக் கையால்தான் தூக்கி மாற்ற வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு வாரம் முதுகு ஒடியும். எந்தப் பக்கம் என்று, ஆட்களை வேலை வாங்கும் ஃபோர்மேனைக் கேட்டால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

இன்ஜினியர் ஒரு சின்ன வயதுப் பெண். சுவரைச் சுற்றிப் பார்க்க வந்தவர் வாளியையும் குச்சியையும் பார்த்துவிட்டு, நம்பரிடம் வந்தார்.

"அண்ணா, நீங்கதான் இங்க ஓணானுக்கெல்லாம் நம்பர் போடறீங்கன்னு சொன்னாங்க. இந்தச் சுவரை இடிச்சா அதுங்க கதி என்ன ஆகும்? அதுங்க இங்கேயே இருக்கறதா, வந்து போறதா?"

கேட்டவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. வேறு நாளாக இருந்தால் நம்பர் அரை மணி நேரம் பேசியிருப்பார். அன்று மனம் கசந்திருந்தது.

"வந்து போற கூட்டம் மேடம். முப்பத்தேழு பேரைப் பார்த்துட்டேன், ஒருத்தன் நிலைக்கல. முட்டையும் பொரிஞ்சாச்சு. இடிச்சா வேற சுவருக்குப் போயிடும்."

"நிச்சயமா?"

"நம்பர் போட்டுப் பார்த்திருக்கேன் மேடம்."

அவருடைய எண் தப்பாது என்பது அலுவலகத்துக்கே தெரியும். இன்ஜினியர் தலையசைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை இயந்திரம் வருவதாக ஏற்பாடானது. ஃபோர்மேன் நம்பருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், அப்படி ஒரு சம்பவம் அதுவரை நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வாளியை எடுத்து வைத்துவிடலாம் என்று நம்பர் சுவர்ப்பக்கம் போனார். மூன்றாவது தூணில் முப்பதாம் எண்காரன் இருந்தான். ஏதோ சரியில்லை. தண்டால் எடுக்கவில்லை. கல்லின் விளிம்பில் இடுப்பை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் மங்கி, தோள் பக்கம் தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது. நம்பர் நின்றபடியே பார்த்தார். அவன் இன்னொருமுறை அழுத்தித் தேய்த்தான். இடுப்புத் தோல் ஒரு தாளைப் போல எழும்பி, கிழிந்து, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே விழுந்தது.

குனிந்து எடுத்தார். நகத்தளவு தோல். கண்ணாடி மாதிரி மெல்லியது. அதன் நடுவே அவர் கையெழுத்தில் முப்பது.

தூணைப் பார்த்தார். எண் இல்லாத புத்தம்புது ஓணான் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. முன்கால்களை ஊன்றி ஆறு தண்டால் எடுத்தது.

பாம்பு தோல் உரிக்கும் என்று அவருக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்தது இரும்பில். இரும்பு மேல்தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வந்து நிற்பதில்லை. பெயிண்ட் இருந்தால் கம்பம் அது, பெயிண்ட் இல்லையென்றால் இன்னும் எழுதாத கம்பம். இருபத்தேழு வருடம் அப்படிப் பார்த்த கண் ஓணானையும் அப்படித்தான் பார்த்தது. முதலில் இடுப்பைப் பார்க்கும். எண் இல்லையா, புது ஆள். முகத்தைப் பார்க்காது.

நிச்சயமா என்று இன்ஜினியர் கேட்டாரே. நம்பர் போட்டுப் பார்த்திருக்கேன் என்று சொன்னோமே.

தோலை டப்பா மூடியில் வைத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியிடம் நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"முப்பதுன்னு எழுதியிருக்கு."

"கழட்டிப் போட்டுட்டான். என் கண்ணு முன்னாடி."

நடந்ததையெல்லாம் சொன்னார், இன்ஜினியரிடம் சொன்னது உட்பட. அவள் மிஷினை நிறுத்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"அப்ப நீங்க ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப நம்பர் போட்டிருக்கீங்க."

"இருக்கலாம். எல்லாருக்குமா, ஒருத்தனுக்கா? எத்தனை பேரு? நம்பரே உதிர்ந்து போனப்புறம் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"நோட்டைக் கொண்டாங்க."

"நோட்டுல நம்பர்தான் இருக்கு."

"கொண்டாங்கன்னா கொண்டாங்களேன்."

அவள் எண் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி கொண்டு வருகிறவர்கள் நிறம் போன சட்டையை வேறு சட்டை என்று சொல்வதில்லை. முழங்கை எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பொத்தான் மாற்றியது, அதுதான் அவளுக்கு அடையாளம். நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய் விரலை வைத்து, மேலிருந்து கீழே வாசித்தாள்.

"ஒண்ணு. வலது பின்கால் நடுவிரல் இல்லை." விரல் இறங்கியது. "எட்டு. வலது பின்கால் நடுவிரல் இல்லை." இன்னும் இறங்கியது. "பதினஞ்சு. வலது பின்கால் நடுவிரல் இல்லை. ஏங்க, எழுதும்போது உங்களுக்கே தோணலையா?"

அவருக்குத் தோன்றவில்லை. குறிப்பு என்பது எழுதுவதற்கு, படிப்பதற்கு இல்லை.

"இருபத்துமூணு, அதே. முப்பது, அதே." அவள் நிமிர்ந்தாள். "எல்லாம் எங்க பிடிச்சது?"

"மூணாவது தூண்" என்றார்.

நம்ம ஆளு எங்கேயும் போகவில்லை. பதினோரு மாதமும் அவன்தான். இவர் அவனை ஐந்து முறை பிடித்து, ஐந்து முறை சாம்பலாக்கி, ஐந்து எண் எழுதி, ஐந்தாவது எண்ணையும் எழுதிவிட்டு அவனுக்காகவே வருத்தப்பட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நம்பருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்கிவிட்டது. மனைவி பார்க்காத மாதிரி நோட்டைப் பார்த்தாள்.

சனியும் ஞாயிறும் தையல் நடக்கவில்லை. துணி வெட்டும் பழுப்புத் தாளை விரித்து, சுண்ணக்கட்டியால் அவள் கூறு கூறாகப் பிரித்தாள். முதுகு முள்ளில் நான்காவது ஒடிந்தவன் ஒரு கூறு: இரண்டாவது தூண், நான்கு எண்கள். வால் நுனி மொட்டையான பெண் ஒன்று: கடைசித் தூணின் அடி, நான்கு எண்கள். முட்டை இட்ட பதினான்காம் எண்ணுக்கு இடது காதுக்கருகே ஒரு தழும்பு. அதே தழும்பு ஆறிலும் இருபத்தைந்திலும் முப்பத்தொன்றிலும் இருந்தது. 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிய ஐந்து எண்கள் கடைசியில் மிஞ்சின.

"இது ஒருத்தனா ரெண்டு பேரான்னு சொல்ல முடியாது. ஒண்ணுன்னு வச்சுக்குவோம்" என்றாள். "மொத்தம் ஒன்பது. ஒன்பதுக்குக் குறையாது."

முப்பத்தேழு ஒன்பதாயிற்று. ஒவ்வொன்றும் அதனதன் தூணில், அதனதன் சந்தில். ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை. அப்படியானால் சுவரை இடித்தால் அவை வேறு சுவருக்குப் போய்விடும் என்று சொன்னது? வேறு சுவர்களிலும் இப்படி ஒவ்வொரு தூணிலும் ஒருவன் உட்கார்ந்து தண்டால் எடுத்துக்கொண்டிருப்பான். எவன் இடம் விடுவான்?

"நாளைக்கு போய்ச் சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"இருநூறு கம்பம். ஃபோர்மேன் என்னை உரிச்சிடுவாரு."

"உரிச்சா உரிக்கட்டும். உள்ள நீங்கதானே இருக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுண்ணக்கட்டித் தூளைத் தட்டினாள்.

ஃபோர்மேன் திட்டுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. எண் தப்பு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறெதிலும் அவர் பெருமைப்பட்டதில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கே போய்விட்டார். இயந்திரம் அதற்கு முன்பே வந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. இன்ஜினியர் அறையில் ஃபோர்மேனும் ஏணிக்காரரும் இருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்து வந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பழுப்புத் தாளை மேசையில் விரித்தார். அதன் மேல் தோலை வைத்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னார், எதையும் மழுப்பவில்லை. இன்ஜினியர் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் நம்பர், போன வாரம் வந்து போற கூட்டம்னே. இன்னிக்கு வீடுங்கிறே. மெஷின் வந்து நிக்குதுய்யா! ஒரு ஓணானுக்காக நாங்க அஞ்சு பேரும் இரும்பு சுமக்கணுமா?"

"ஒரு ஓணான் இல்லைங்க. ஒன்பது."

ஏணிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"அண்ணா," என்றார் இன்ஜினியர், "நான் உங்க பேச்சை வச்சுத்தான் முடிவு பண்ணேன். இப்ப எதை நம்பறது? அப்ப உங்க நம்பர் தப்பா?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"தப்பு மேடம்" என்றார் நம்பர். "முப்பத்தேழும் தப்பு. கம்பம் மாதிரி நினைச்சு எழுதிட்டேன். ஆனா குறிப்பு சரி. குறிப்புல நான் ஒண்ணைக்கூடப் பார்க்காம எழுதினது இல்ல. இரும்பு மாத்தற வேலையில முதல் கம்பம் நான் தூக்கறேன். கடைசிக் கம்பமும் நானே தூக்கறேன்."

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டுவிட்டு, "அந்த இரும்புக்கு அடியில எவனாச்சும் குடியிருக்கானான்னு முதல்லயே பார்த்துச் சொல்லிடுய்யா. பாதியில வந்து நிறுத்தாதே" என்றார்.

"பார்த்துட்டேன். வெறும் சிமெண்ட் தரை. வெயில்ல இரும்பு கொதிக்கும், எதுவும் தங்காது."

இன்ஜினியர் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். இடிப்பு வேலைக்கான படிவம் மேலேயே இருந்தது. கட்டடம் எது, நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று வரிசையாகக் கட்டங்கள். நடுவே ஒன்று: 'அங்கு குடியிருப்போர் எண்ணிக்கை'. அதற்கு நேரே வெள்ளிக்கிழமை தேதியிட்டு, 'இல்லை' என்று எழுதியிருந்தது. மனிதர்களுக்கான கட்டம்தான். ஆனால் படிவத்தில் அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை.

அவர் பேனாவை எடுத்து 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே, 'இடிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி, பேனாவோடு நம்பர் பக்கம் நகர்த்தினார்.

"நம்பர் நீங்க போடுங்க அண்ணா."

அவர் பேனாவை வாங்கினார். கட்டத்தில் ஒன்பது என்ற எண்ணை எழுதினார். அது அவ்வளவு நன்றாக வரவில்லை. வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேறு யாராவது எழுதியிருந்தால் அழித்து எழுதச் சொல்லியிருப்பார். அதை அப்படியே விட்டுவிட்டு, கையுறைகளை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இரும்புக் குவியலை நோக்கி நடந்தார்.